நோயின் பெயர்

உரைநடை உலகம்

நுழையும்முன்

நோய் ஒன்று, மருந்தும் ஒன்று என எண்ணுவது எளிது. ஆனால், ‘நுரையீரல் புற்றுநோய்’ என்னும் ஒரு பெயருக்குள் இயல்பாலும் வேகத்தாலும் வேறுபட்ட பல நோய்கள் அடங்கியுள்ளன. ஒருவரை முப்பது ஆண்டுகள் வாழவைத்த அறுவை மருத்துவம், மற்றொருவருக்குச் சில மாதங்களைக்கூடக் கூட்டித் தரவில்லை. இவ்வேறுபாட்டின் காரணத்தை மருத்துவ உலகம் படிப்படியாக அறிந்துகொண்ட வரலாற்றை இப்பாடம் விளக்குகிறது.

மருத்துவரே நோயாளியாக

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் மகப்பேறு மருத்துவராகப் பணியாற்றியவர் ஜேம்ஸ் கில்மோர். 1932ஆம் ஆண்டின் இடைப்பகுதியில் அவருக்குக் காய்ச்சலும் இருமலும் மீண்டும் மீண்டும் வந்தன. ஊடுகதிர்ப் படத்தில் இடப்பக்க நுரையீரலில் நிழல் ஒன்று தென்பட்டது. நோய் தணிவதும் திரும்புவதுமாக மாதங்கள் கழிந்தன. 1933ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள பார்ன்ஸ் மருத்துவமனைக்குச் சென்றார். அப்போது அவருக்கு வயது 48. மூச்சுக்குழாய்க்குள் குழல் வடிவக் கருவியைச் செலுத்தி, ஐயத்திற்குரிய இடத்திலிருந்து சிறிய திசுத்துணுக்கு எடுக்கப்பட்டது. நுண்ணோக்கியில் ஆய்ந்தபோது, அது செதிள் செல் புற்று எனத் தெரிந்தது.

அக்காலத்தில் நுரையீரல் புற்றுநோய் என்பது ஏறத்தாழ இறப்பின் மறுபெயராகவே இருந்தது. மார்புக்கூட்டைத் திறப்பதே பேரிடர் எனக் கருதப்பட்டது. 1931இல் ஜெர்மனியின் பெர்லின் நகரில் ருடால்ஃப் நிசென் என்னும் அறுவை மருத்துவர், சீழ்பிடித்த ஒரு நுரையீரலைச் சிறுமி ஒருத்தியின் உடலிலிருந்து முழுமையாக அகற்றி வெற்றி கண்டிருந்தார். ஆனால், புற்றுநோய்க்காக முழு நுரையீரலையும் அகற்றும் முயற்சிகளில் நோயாளிகள் பிழைக்கவில்லை.

பார்ன்ஸ் மருத்துவமனையின் தலைமை அறுவை மருத்துவரான எவார்ட்ஸ் கிரகாம், நோயின் தன்மையையும் அறுவையின் இடரையும் கில்மோரிடம் மறைக்காமல் எடுத்துரைத்தார். சில நாள் விடைபெற்றுத் தம் ஊருக்குச் சென்ற கில்மோர் அங்கே இரண்டு செயல்களைச் செய்தார். பல் மருத்துவரிடம் சென்று தம் பற்களைச் சீர்செய்துகொண்டார். கல்லறைத் தோட்டத்தில் தமக்கென ஓர் இடத்தையும் விலைக்கு வாங்கினார். வாழ்வோம் என்னும் நம்பிக்கையும் இறப்பை எதிர்கொள்ளும் தெளிவும் ஒருவரிடமே ஒருங்கே இருந்தமைக்கு இவ்விரு செயல்களும் சான்றாகும்.

1933ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் அறுவை நடைபெற்றது. நுரையீரலின் மேல்மடலை மட்டும் அகற்றுவதே முதலில் கொண்ட திட்டம். மார்பைத் திறந்து பார்த்தபோது, மேல்மடலை மட்டும் வெட்டினால் புற்று எஞ்சிவிடும் என்பது புலனாயிற்று. கிரகாம் உடனே வெட்டிவிடவில்லை. நுரையீரலுக்குச் செல்லும் தமனியைச் சற்று நேரம் அடைத்து வைத்து, நோயாளியின் உடல் அதனைத் தாங்குகிறதா எனக் கவனித்தார். தாங்கும் என உறுதியான பின்னரே இடப்பக்க நுரையீரல் முழுவதையும் அகற்றினார். வெறுமையான அவ்விடம் சுருங்கும் வண்ணம் விலா எலும்புகள் சிலவற்றையும் நீக்கினார்.

கில்மோர் பிழைத்தார். மீண்டும் மகப்பேறு மருத்துவராகப் பணியாற்றினார். ஒற்றை நுரையீரலுடன் 1963 வரை, முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார். புற்றுநோய்க்காக ஒரே அறுவையில் முழு நுரையீரலும் அகற்றப்பட்டு, நோயாளி நெடுங்காலம் வாழ்ந்த முதல் நிகழ்வாக மருத்துவ வரலாறு இதனைக் குறித்துவைத்துள்ளது.

தெரிந்து தெளிவோம்

மனிதனின் வலப்பக்க நுரையீரலில் மூன்று மடல்களும் இடப்பக்க நுரையீரலில் இரண்டு மடல்களும் உள்ளன. புற்று ஒரு மடலுக்குள் அடங்கியிருப்பின் அம்மடலை மட்டும் அகற்றுவது மடல் அகற்றம் எனப்படும். ஒரு பக்க நுரையீரல் முழுவதையும் அகற்றுவது நுரையீரல் அகற்றம் எனப்படும். இயன்றவரை மடல் அகற்றத்தையே இன்றைய மருத்துவர்கள் தேர்கின்றனர். எஞ்சும் நுரையீரலின் அளவைப் பொறுத்தே நோயாளியின் பிற்கால மூச்சாற்றல் அமைகிறது.

வெற்றியின் எல்லை

கில்மோரின் வாழ்வு உலகெங்கும் அறுவை மருத்துவர்களுக்கு ஊக்கம் அளித்தது. நுரையீரலில் தோன்றிய கட்டியை முழுமையாக அகற்றிவிட்டால் நோயும் அகன்றுவிடும் என்னும் நம்பிக்கை வேரூன்றியது. செதிள் செல் புற்று முதலிய சில வகைகளில் அந்நம்பிக்கை பொய்க்கவில்லை. ஆயினும், ஒரு வகை நோயாளிகள் மட்டும் அறுவை செம்மையாக முடிந்த பின்னரும் சில மாதங்களிலேயே இறந்தனர். அவர்தம் மூளையிலும் கல்லீரலிலும் எலும்பிலும் புதிய கட்டிகள் காணப்பட்டன.

அந்நோய் முன்பே நுண்ணோக்கியின்கீழ்க் காணப்பட்டதுதான். அதன் செல்கள் மிகச் சிறியவை. ஓட்ஸ் தானியத்தின் மணிகளைப் போன்ற வடிவுடையவை. அதனால் அதற்கு ‘ஓட்ஸ் செல்’ என்னும் பெயர் வழங்கியது. நெஞ்சின் நடுப்பகுதியில் பெருந்திரளாகக் காணப்பட்டமையால், அது அங்குள்ள நிணநீர்த் திசுவில் தோன்றுவது எனப் பலரும் நம்பினர். அது நுரையீரலின் மூச்சுக்குழாயிலேயே தோன்றும் புற்று என்பதை 1926இல் இங்கிலாந்தின் நோய்க்குறியியல் அறிஞர் பார்னார்டு எடுத்துக்காட்டினார். இன்று அது சிறுசெல் புற்று எனப்படுகிறது.

சிறுசெல் புற்றின் இயல்பு இரண்டு சொற்களில் அடங்கும். ஒன்று வேகம், மற்றொன்று பரவல். செல்கள் இடைவிடாது பிளவுறுகின்றன. மார்பில் உள்ள கட்டி சிறியதாக இருக்கும்போதே, கண்ணுக்குப் புலனாகாத செல்கள் குருதிவழியே தொலைவிலுள்ள உறுப்புகளைச் சென்றடைந்துவிடுகின்றன. வயலில் விளைந்த களையை வேரோடு பிடுங்கினாலும், அதன் விதைகள் காற்றோடு பறந்து அயல்வயல்களில் விழுந்துவிட்டன என்றால் பிடுங்கியவரின் உழைப்பு எவ்வளவு பயன்தரும்? அறுவை மருத்துவரின் நிலையும் இத்தகையதே. அவருடைய கத்தி ஓரிடத்து நோயைத்தான் எட்டும். உடலெங்கும் சிதறியதை எட்டாது.

ஐயத்தை ஆய்வாக்குதல்

சிறுசெல் புற்றுக்கு அறுவை பயன்தருமா என்னும் வினாவிற்கு விடை காண்பது எளிதன்று. வெற்றி பெற்ற நோயாளிகளை மட்டும் நினைவில் வைத்திருப்பது மனித இயல்பு. உடல்வலிமை உடையவர்களையே அறுவைக்குத் தேர்ந்தெடுத்தால், அவர்கள் நெடுநாள் வாழ்ந்தமைக்கு அறுவை காரணமா, முன்பே இருந்த வலிமை காரணமா என்பது தெரியாது. எனவே, பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1960களில் ஓர் ஒப்பீட்டாய்வை மேற்கொண்டது.

அறுவைக்கும் கதிர்வீச்சு மருத்துவத்திற்கும் தகுதியுடையவர்கள் எனக் கருதப்பட்ட 144 நோயாளிகள் அதில் இடம்பெற்றனர். யாருக்கு எந்த மருத்துவம் என்பது மருத்துவரின் விருப்பத்திற்கு விடப்படவில்லை; குலுக்கல் போன்ற வாய்ப்புமுறையால் அது முடிவுசெய்யப்பட்டது. 71 பேர் அறுவைப் பிரிவிலும் 73 பேர் கதிர்வீச்சுப் பிரிவிலும் சேர்க்கப்பட்டனர்.

முடிவு அறுவை மருத்துவர்களைச் சிந்திக்க வைத்தது. அறுவைப் பிரிவினருள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கே கட்டியை முழுமையாக அகற்ற இயன்றது. அப்பிரிவினரின் சராசரி வாழ்நாள் 199 நாள். கதிர்வீச்சுப் பிரிவினரின் சராசரி வாழ்நாள் 300 நாள். ஐந்தாண்டு கடந்தும் உயிருடன் இருந்தோர் அறுவைப் பிரிவில் ஒருவர், கதிர்வீச்சுப் பிரிவில் மூவர். அறுவைப் பிரிவில் எஞ்சிய அந்த ஒருவரும் உண்மையில் அறுவை செய்துகொள்ளாமல் கதிர்வீச்சு பெற்றவர் என்பது குறிப்பிடத்தக்கது. பத்தாண்டு முடிவுகள் 1973இல் வெளிவந்தன. அதன்பின், சிறுசெல் புற்று எனத் தெரிந்தால் கத்தியை எடுக்கலாகாது என்பது பெரும்பாலான மருத்துவமனைகளில் எழுதாத விதியாயிற்று.

பின்னர் வேதிமருந்துகள் வந்தன. மருந்தால் கட்டி சுருங்கிய பிறகு எஞ்சியதை அறுவையால் அகற்றினால் பயன் கிட்டுமோ என்னும் புதிய வினா எழுந்தது. அமெரிக்காவின் நுரையீரல் புற்றுநோய் ஆய்வுக்குழு அதனையும் வாய்ப்புமுறையால் ஆராய்ந்தது. 146 நோயாளிகளைக் கொண்ட அவ்வாய்வின் முடிவு 1994இல் வெளியாயிற்று. அறுவை செய்துகொண்டோரின் இடைநிலை வாழ்நாள் 15.4 மாதம், செய்துகொள்ளாதோரின் இடைநிலை வாழ்நாள் 18.6 மாதம். புள்ளியியல் நோக்கில் இரண்டும் வேறுபாடற்றவை. அறுவை கூடுதல் பயன் தரவில்லை என்பதே அதன் பொருள்.

ஓர் ஆய்வு கூறுவதை அறிவது போலவே, அது கூறாததை அறிவதும் அறிவியல் நோக்கிற்கு இன்றியமையாதது. பிரிட்டன் ஆய்வில் இடம்பெற்ற கட்டிகள், மூச்சுக்குழாய் நோக்கியால் காணத்தக்க வகையில் நெஞ்சின் நடுப்பகுதியில் இருந்தவை. நுரையீரலின் ஓரத்தில், நிணநீர்க் கணுக்களைத் தொடாமல், சிறுமணி அளவில் தொடக்க நிலையில் உள்ள கட்டிகளைப் பற்றி அவ்வாய்வு எதுவும் கூறவில்லை. அத்தகையோர் சிறுசெல் புற்று நோயாளிகளுள் நூற்றுக்கு ஐவரினும் குறைவு. ஆயினும், அச்சிலருக்கு அறுவையும் அதனைத் தொடர்ந்து வேதிமருந்தும் பயன்தரும் என இன்றைய மருத்துவ நெறிமுறைகள் ஏற்றுக்கொள்கின்றன. எல்லார்க்கும் கத்தி என்பது எவ்வாறு பிழையோ, அவ்வாறே எவர்க்கும் கத்தி இல்லை என்பதும் பிழையாகும்.

இரண்டிற்கும் நடுவே ஒரு நோய்

சிறுசெல் புற்று, பிற புற்று என நோய்களை இரண்டாகப் பிரித்தல் நடைமுறைக்கு எளிதாக இருந்தது. இப்பிரிவினைக்குள் அடங்காத அரிய நோய் ஒன்றை 1991இல் அமெரிக்க நோய்க்குறியியல் அறிஞர் வில்லியம் டிராவிசும் அவர்தம் குழுவினரும் தனித்து அடையாளம் கண்டனர். அதன் செல்கள் பெரியவை. ஆகவே சிறுசெல் புற்று அன்று. ஆனால், அதன் இயல்போ சிறுசெல் புற்றின் இயல்பை ஒத்திருந்தது.

நுரையீரலில், நரம்புச் செல்லின் பண்பும் ஹார்மோன் சுரக்கும் பண்பும் ஒருங்கே அமைந்த செல்கள் சிறிதளவு உள்ளன. அவை நியூரோஎண்டோகிரைன் செல்கள் எனப்படும். அச்செல்களின் பண்புகளை உடைய கட்டிகளை டிராவிஸ் குழுவினர் நான்கு வகையாகப் பிரித்தனர். மெல்ல வளரும் இயல்பான கார்சினாய்டு, சற்று விரைவாக வளரும் இயல்பு திரிந்த கார்சினாய்டு, பெருஞ்செல் நியூரோஎண்டோகிரைன் புற்று, சிறுசெல் புற்று என்பன அவை. பின்னிரண்டும் கடுமையானவை. அறுவையால் அகற்றப்படும் நுரையீரல் புற்றுகளுள் பெருஞ்செல் நியூரோஎண்டோகிரைன் புற்று நூற்றுக்கு மூன்று என்னும் அளவில்தான் காணப்படுகிறது. நெடுங்காலம் புகைபிடித்த முதியவர்களிடமே இது மிகுதியாகத் தோன்றுகிறது. பெரும்பாலும் நுரையீரலின் ஓரப்பகுதியில் தோன்றுவதால் தொடக்கத்தில் இருமல் முதலிய அறிகுறிகள் தெரிவதில்லை.

இந்நோயை அறிதலில் உள்ள இடர்ப்பாடு தனித்தன்மை வாய்ந்தது. நோய்க்குறியியல் வல்லுநர் மூன்று சான்றுகளைத் தேடுகிறார். முதலாவது, செல்களின் அணிவகுப்பு. செல்கள் கூடுகூடாகத் திரண்டும், ஓரங்களில் வேலி நட்டாற்போல வரிசையாக நின்றும், சில இடங்களில் மலரின் இதழ்கள் போல வட்டமிட்டும் காணப்பட வேண்டும். இரண்டாவது, செல்பிளவின் எண்ணிக்கை. இரண்டு சதுர மில்லிமீட்டர் பரப்பில் பத்துக்கு மேற்பட்ட செல்கள் பிளவுறும் நிலையில் இருத்தல் வேண்டும். மூன்றாவது, வேதிச் சாயச் சோதனை. குரோமோகிரானின், சினாப்டோஃபிசின், சி.டி.56 என்னும் புரதங்களுள் ஒன்றேனும் செல்களில் உள்ளது எனச் சிறப்புச் சாயங்கள் காட்ட வேண்டும்.

அணிவகுப்பைக் காண்பதற்குப் போதிய அளவு திசு தேவை. ஊசியால் எடுக்கப்படும் துணுக்கோ நூலிழை அளவே இருக்கும். கோவில் மதிலின் ஒரு செங்கல்லைப் பார்த்துக் கோபுரத்தின் அமைப்பைக் கூற இயலாதது போல, அத்துணுக்கைக் கொண்டு இந்நோயை உறுதிசெய்தல் அரிது. எனவே, பலருக்கு அறுவைக்கு முன் ‘சிறுசெல் அல்லாத புற்று’ என்னும் பொதுப்பெயரே கிட்டுகிறது. கட்டியை அகற்றி முழுமையாக ஆய்ந்த பின்னரே உண்மையான பெயர் தெரியவருகிறது. நோயறிதலுக்குப் பின் அறுவை என்னும் வழக்கமான வரிசை இங்கே மாறி, அறுவையே நோயறிதலின் பகுதியாகிவிடுகிறது.

பெயர் மாறினால் வழியும் மாறும்

பெயர் என்பது வெறும் சொல்லன்று. பிற வகைப் புற்றுகளில் கட்டி மிகச் சிறியதாக இருந்து, முழுமையாகவும் அகற்றப்பட்டிருப்பின், மேற்கொண்டு மருந்தின்றிக் கண்காணிப்பு மட்டுமே போதும் எனக் கருதப்படுவதுண்டு. பெருஞ்செல் நியூரோஎண்டோகிரைன் புற்றில் அந்த அமைதி பொருந்தாது. முழுமையாக அகற்றப்பட்ட பின்னரும் இந்நோய் விரைவில் திரும்பும் இயல்புடையது. அறுவைக்குப் பின் ஐந்தாண்டு வாழ்ந்தோரின் அளவு, வெவ்வேறு மருத்துவமனைகளின் பதிவுகளில் நூற்றுக்கு 15 முதல் 57 வரை வேறுபடுகிறது. நோய் அரியதாகையால் ஒவ்வொரு மருத்துவமனையிலும் சில நோயாளிகளே இருந்தமையும், நோயின் நிலைகள் வேறுபட்டமையும் இவ்வேறுபாட்டிற்குக் காரணங்களாகும்.

சிறுசெல் புற்றை ஒத்த இயல்புடைய நோய்க்குச் சிறுசெல் புற்றின் மருந்தே பொருந்துமா என்னும் எண்ணம் இங்கே வழிகாட்டியது. ஜப்பான் மருத்துவர்கள் இவ்வழியில் முன்னின்றனர். பெருஞ்செல் நியூரோஎண்டோகிரைன் புற்றோ சிறுசெல் புற்றோ முழுமையாக அகற்றப்பட்ட 221 நோயாளிகளுக்கு, அறுவைக்குப் பின் இருவகை மருந்துச் சேர்க்கைகளை அளித்து அவர்கள் ஒப்பிட்டனர். சிஸ்பிளாட்டினுடன் எட்டோபோசைடு சேர்ந்தது ஒன்று. சிஸ்பிளாட்டினுடன் இரினோடெக்கான் சேர்ந்தது மற்றொன்று. மூன்றாண்டு கழிந்தபோது நோய் திரும்பாமல் வாழ்ந்தோர் முதற்பிரிவில் நூற்றுக்கு 65.4, இரண்டாம் பிரிவில் நூற்றுக்கு 69. ஒரு சேர்க்கை மற்றொன்றைவிடச் சிறந்தது என மெய்ப்பிக்கப்படவில்லை. ஆயினும், 2020இல் வெளியான இம்முடிவில் வேறோர் உண்மை உண்டு. ஒருகாலத்தில் அறுவைக்கே உரியதன்று எனக் கைவிடப்பட்ட நோயில், உரிய நோயாளியைத் தேர்ந்து, கட்டியை முழுமையாக அகற்றி, உரிய மருந்தையும் தொடர்ந்தால், மூவரில் இருவர் மூன்றாண்டைக் கடந்தும் நோயின்றி வாழ இயல்கிறது.

தெரியுமா?

சிஸ்பிளாட்டின் மருந்தின் ஆற்றல் தற்செயலாக அறியப்பட்டது. 1960களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க் என்னும் அறிஞர், மின்புலத்தில் பாக்டீரியாக்கள் எவ்வாறு வளர்கின்றன என ஆய்ந்தார். அவை பிளவுறாமல் நீண்டுகொண்டே சென்றதைக் கண்டார். மின்சாரம் அதற்குக் காரணமன்று. பிளாட்டினம் மின்வாயிலிருந்து கரைந்த சேர்மமே செல்பிளவைத் தடுத்தது என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

மூன்று அளவுகள்

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம், மருத்துவ நூல் கற்றவர் செயற்படுவதற்கு முன் நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் ஆராய வேண்டும் என வலியுறுத்துகிறது. நுரையீரல் புற்றுக்கு அறுவை செய்யலாமா என முடிவுசெய்யும் மருத்துவக் குழு இன்றும் இம்மூன்றையே அளந்தறிகிறது.

நோயாளியின் அளவு என்பது அவர்தம் உடலின் தாங்குதிறன். ஒரு மடலை இழந்த பின்னும் எஞ்சிய நுரையீரல் போதிய உயிர்வளியை அளிக்குமா என மூச்சாற்றல் சோதனைகள் காட்டுகின்றன. அன்று கிரகாம் தமனியைச் சற்று நேரம் அடைத்து அறிந்ததை, இன்று மார்பைத் திறப்பதற்கு முன்பே அறிய முடிகிறது. நோயின் அளவு என்பது கட்டியின் பருமன், நிணநீர்க் கணுக்களில் பரவல், தொலை உறுப்புகளில் பரவல் என்னும் மூன்றின் தொகுப்பு. சி.டி. ஸ்கேன், பெட் ஸ்கேன், மூளையின் எம்.ஆர்.ஐ. படம் ஆகியன அதனைக் காட்டுகின்றன. நெஞ்சின் நடுப்பகுதிக் கணுக்களிலிருந்து திசு எடுத்து ஆய்வதும் உண்டு. ஒரு கணுவில் மறைந்திருக்கும் புற்றைக் காணாது விடுவது, பயனற்ற பெரும் அறுவையொன்றுக்கு நோயாளியை ஆட்படுத்திவிடும்.

காலம் என்பது மூன்றாவது அளவு. வேகமான நோயில் வாரங்களும் கணக்கிற்குரியவை. மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமல், சளியில் குருதி, காரணமற்ற எடைக்குறைவு, குரல்மாற்றம் ஆகியவற்றைப் பொருட்படுத்தாமல் விடுவதும், மருத்துவரை நாடாமல் தாமே மருந்து வாங்கி உண்பதும் காலத்தை இழப்பதாகும்.

கிரகாமின் இறுதி

எவார்ட்ஸ் கிரகாம் நெடுங்காலம் புகைபிடிக்கும் பழக்கம் உடையவர். நுரையீரல் புற்றுக்கும் புகைக்கும் தொடர்புண்டு எனச் சிலர் கூறியபோது, காலுறைகளின் விற்பனையும்தான் புற்றுநோயோடு சேர்ந்து உயர்ந்துள்ளது என அவர் எள்ளி நகையாடினார். எர்னஸ்ட் விண்டர் என்னும் மருத்துவ மாணவர் இத்தொடர்பை ஆராய இசைவு வேண்டியபோது, ஐயத்துடனேயே இசைந்தார். புற்றுநோயாளிகள் 684 பேரைப் பற்றிய அவ்வாய்வு 1950இல் இருவர் பெயரிலும் வெளியாயிற்று. நோயுற்ற ஆடவருள் மிகப் பெரும்பாலோர் நெடுங்காலம் மிகுதியாகப் புகைபிடித்தவர்கள் என்னும் உண்மையை அது உலகிற்கு உணர்த்தியது. தாம் நம்பாத ஒன்றைச் சான்றுகள் மெய்ப்பித்தபோது, கிரகாம் தம் கருத்தை மாற்றிக்கொண்டார், புகைபிடித்தலையும் கைவிட்டார்.

ஆயினும், காலம் கடந்துவிட்டிருந்தது. 1957ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவருடைய நுரையீரல்கள் இரண்டிலும் புற்று இருப்பது கண்டறியப்பட்டது. முழு நுரையீரலையும் அகற்றும் வழியை உலகிற்குக் காட்டியவருக்கு அவ்வழி பயன்படவில்லை. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் அவர் மறைந்தார். அவரால் உயிர் பெற்ற கில்மோர் அதன் பின்னரும் ஆறு ஆண்டுகள் வாழ்ந்தார்.

ஒரே கத்தி கில்மோரைக் காத்தது. சிறுசெல் புற்றின் முன் தோற்றது. அரிய பெருஞ்செல் புற்றில் மருந்தின் துணையோடு மீண்டும் பயன் தந்தது. வேறுபாடு கத்தியில் இல்லை. அதற்கு முன் நிகழும் அறிதலில் உள்ளது. நோயின் உண்மைப் பெயரை அறிதல், அதன் அளவை அறிதல், அறிந்ததைக் காலத்தே செய்தல் ஆகிய மூன்றும் ஒருங்கே அமையுமிடத்தில்தான் அறுவை மருத்துவம் உயிர் காக்கிறது. புகையை நாடாதிருத்தலோ, இந்நோய்கள் பெரும்பாலானவற்றை வருமுன் காக்கும் வழியாகும்.

சொற்பொருள்

இடர் – துன்பம். துணுக்கு – சிறு துண்டு. வேரூன்றியது – நிலைபெற்றது. இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது. இசைவு – உடன்பாடு. எள்ளி – இகழ்ந்து.

இலக்கணக் குறிப்பு

காய்ச்சலும் இருமலும் – எண்ணும்மை
எழாத, தொடாத, அடங்காத – எதிர்மறைப் பெயரெச்சம்
தேர்ந்து, அறிந்து – வினையெச்சம்
அறிதல், பரவல் – தொழிற்பெயர்

பகுபத உறுப்பிலக்கணம்

வாழ்ந்தார் – வாழ் + த்(ந்) + த் + ஆர்
வாழ் – பகுதி
த் – சந்தி, ‘ந்’ ஆனது விகாரம்
த் – இறந்தகால இடைநிலை
ஆர் – பலர்பால் வினைமுற்று விகுதி

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. ஓட்ஸ் செல் புற்று தோன்றும் இடம் மூச்சுக்குழாயே என 1926இல் எடுத்துக்காட்டியவர்
அ) நிசென் ஆ) பார்னார்டு இ) டிராவிஸ் ஈ) ரோசன்பர்க்

2. பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வில் நோயாளிகளுக்குரிய மருத்துவம் முடிவுசெய்யப்பட்ட முறை
அ) மருத்துவரின் விருப்பம் ஆ) நோயாளியின் வயது இ) வாய்ப்புமுறை ஈ) கட்டியின் பருமன்

குறுவினா

1. கில்மோர் அறுவைக்கு முன் செய்த இரு செயல்கள் யாவை? அவை உணர்த்துவது என்ன?
2. பெருஞ்செல் நியூரோஎண்டோகிரைன் புற்றை ஊசித் துணுக்கைக் கொண்டு உறுதிசெய்தல் அரிதாவது ஏன்?

சிறுவினா

1. வெற்றி பெற்ற நோயாளிகளை மட்டும் கொண்டு ஒரு மருத்துவ முறையை மதிப்பிடுவதில் உள்ள பிழையை விளக்குக.
2. ‘ஓர் ஆய்வு கூறாததை அறிவதும் இன்றியமையாதது’ – பாடப்பகுதி கொண்டு நிறுவுக.

நெடுவினா

நோயறிதலே அறுவையின் பயனை முடிவுசெய்கிறது என்பதைக் கில்மோர், சிறுசெல் புற்று நோயாளிகள், பெருஞ்செல் புற்று நோயாளிகள் ஆகியோரின் நிலைகளை ஒப்பிட்டுக் கட்டுரை வடிக்க.

கற்பவை கற்றபின்

1. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தைப் படித்து, அதன் கருத்துகளுள் இன்றைய மருத்துவமனை நடைமுறையோடு பொருந்துவனவற்றைப் பட்டியலிடுக.
2. தம் கருத்துக்கு மாறான சான்று கிடைத்தபோது அதனை ஏற்றுக்கொண்ட அறிஞர் ஒருவரைப் பற்றி வகுப்பறையில் உரையாற்றுக.